ஒன்பதாம் வகுப்புப் பனியாறு

முப்பத்தோரு வருடம் அரசுப் பள்ளிகளில் சமூக அறிவியல் எடுத்தேன். அதில் பாதிக்கு மேல் பென்னாகரம் பக்கத்தில். ஒன்பதாம் வகுப்பில் ஆறு, காற்று, கடலலை, பனியாறு என்று நிலத்தை அரிப்பவை எல்லாம் வரிசையாக வரும். ஆற்றுக்கு ஒகேனக்கல் இருக்கிறது, பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம். பனியாற்றுக்கு என் கையில் இருந்தது வெள்ளை சாக்பீஸ் மட்டும். இரண்டு மலை வரைந்து, நடுவில் நாக்கு மாதிரி ஒன்றை இழுத்துவிட்டு, அது சுமந்து வரும் கல்லுக்கும் மண்ணுக்கும் ‘மொரைன்’ என்று பெயர் எழுதி அம்புக்குறி போடுவேன். ஒரு வருடம் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, “டீச்சர், ஐஸ் எப்படி டீச்சர் நடக்கும்? அதுக்குக் காலா இருக்குது?” என்று கேட்டான். “உங்க வீட்டுல களி உருண்டையைத் தட்டுல வெச்சா கொஞ்ச நேரத்துல அடி அகண்டு உட்காருதில்ல? அப்படித்தான். தன் கனத்துலயே நகரும்” என்றேன். ராகி தின்று வளர்ந்த பிள்ளை, சட்டென்று புரிந்துகொண்டான். நான் சொன்னது சரிதானா என்று எனக்குத்தான் பணி ஓய்வு வரை ஒரு சந்தேகம் இருந்தது.

2024 ஜூனில் பனியாற்றையே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். என் பையன் அமெரிக்காவில் சியாட்டிலில் வேலை பார்க்கிறான். “அம்மா, அலாஸ்காவுக்குக் கப்பல்ல போலாமா?” என்று அவன் கேட்டபோது நான் பதில் சொல்லும் முன் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். “அவ்வளவு காசு குடுத்து ஐஸ் பாக்கணுமா? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஐஸ் பேக்டரி இருக்குது. சும்மாவே காட்டுவான்.” கூட்டுறவு வங்கியில் இருந்தவர், எல்லாவற்றுக்கும் வட்டி போட்டுப் பார்ப்பார். கடைசியில் ஒருவருக்கு ஐயாயிரம் டாலருக்கு மேல் ஆனது என்பதை அவரிடம் நான் இன்றுவரை ரூபாயில் சொல்லவில்லை.

பெரிய கப்பலில் போனால் இதில் பாதிகூட ஆகாது. ஆனால் அதில் மூவாயிரம், நாலாயிரம் பேர். நாங்கள் போனதில் பயணிகள் அறுபது சொச்சம்தான். சின்னக் கப்பலுக்கு இன்னொரு வசதி இருந்தது, அது எங்கள் பாஸ்போர்ட்டுக்கு முக்கியம். அமெரிக்காவில் 1886-ல் போட்ட ஒரு சட்டப்படி, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது, நடுவில் வேறொரு நாட்டைத் தொட வேண்டும். பெரிய கப்பல்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கொடிதான். அதனால் சியாட்டிலில் கிளம்புபவை கனடாவின் விக்டோரியாவில் ஒரு சாயங்காலம் நின்றுவிட்டு வரும். அந்த ஒரு சாயங்காலத்துக்காக நமக்குக் கனடா விசாவும் வேண்டும். ஓசூரில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இது தெரியாமல் துறைமுகம் வரை பெட்டியை இழுத்துக்கொண்டு போய்த் திரும்பியது. டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். நாங்கள் ஏறியது அமெரிக்கக் கொடிக் கப்பல். அலாஸ்காவின் ஜூனோவில் ஏறி அலாஸ்காவின் கெட்சிகனில் இறங்கினோம். அமெரிக்க விசா ஒன்றே போதுமானதாக இருந்தது.

எங்களுக்கு ஏற்பாடு செய்தவரும் “எல்லாம் அதிலேயே அடக்கம்மா” என்றார். காப்பீடு அடங்கவில்லை. சின்னக் கப்பலில் பெரும்பாலும் டாக்டர் கிடையாது. நடுவழியில் நெஞ்சு வலித்தால் ஹெலிகாப்டரோ கடல் விமானமோ வந்துதான் தூக்க வேண்டும். அந்தச் செலவை ஏற்கும் காப்பீடா, ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷருக்கும் சேர்த்தா என்று பாலிசியின் பொடி எழுத்தைப் படித்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். இதைப் பையன் உட்கார்ந்து படித்தான். நாங்களாக இருந்தால் படித்திருக்க மாட்டோம்.

ஜூனோ ஒரு மாநிலத்தின் தலைநகர். ஆனால் வெளியிலிருந்து அதற்குச் சாலை கிடையாது. விமானம், இல்லாவிட்டால் கப்பல். விடிய விடிய லாரி ஓடும் நெடுஞ்சாலை ஓரத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது நம்ப முடியாத சங்கதி. மூடுபனி இறங்கினால் விமானமும் தடுமாறும். கப்பல் கிளம்புவதற்கு ஒரு நாள் முன்னாலேயே நாங்கள் போய்விட்டது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் வீட்டுக்காரரின் பெட்டி வரவில்லை. மறுநாள் மத்தியானம் கப்பல் ஏற இரண்டு மணி நேரம் இருக்கும்போது வந்து சேர்ந்தது. அன்றைக்கே ஏறுவதாக வைத்திருந்தால் அவர் ஏழு நாளும் ஒரே வேட்டியில் திமிங்கிலம் பார்த்திருப்பார். மாத்திரைகளைக் கைப்பையில் வைத்திருந்தேன், அது மட்டும் என் புத்திசாலித்தனம்.

துணி விஷயத்தில் புத்திசாலித்தனம் இல்லை. குளிர் ஊர் என்றதும் ஊட்டிக்குப் போகிற மாதிரி கெட்டிப் பருத்திச் சட்டை, பருத்தி பனியன், கம்பளிப் போர்வை என்று எடுத்து வைத்திருந்தேன். மருமகள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டாள். அங்கே ஜூனில் குளிர் பயங்கரமெல்லாம் இல்லை, பத்து பதினைந்து டிகிரி இருக்கும். மழைதான் விஷயம். தர்மபுரியில் வருடம் முழுக்கப் பெய்வது சுமார் 850 மில்லிமீட்டர். கெட்சிகனில் 3,500-க்கு மேல். பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே மெல்லிய கம்பளியோ தெர்மலோ, அதற்கு மேல் ஒரு ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் தண்ணீரும் புகாத ரெயின்கோட்டும் அதே மாதிரி பேண்ட்டும். அறுபது வயதில் முதல்முறையாகப் பேண்ட் போட்டேன். புடவையோடு ரப்பர் படகில் ஏறுவது நடக்காத காரியம் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. அந்தப் போட்டோக்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறேன். காலுக்கு முழங்கால் வரை வரும் பழுப்பு நிற ரப்பர் பூட்ஸ். அந்த ஊரில் மீன்பிடிக்கிறவரிலிருந்து மளிகைக்கடைக்காரர் வரை அதைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். ‘அலாஸ்கா ஸ்னீக்கர்’ என்று கிண்டலாகப் பெயர்.

கப்பலில் லிஃப்ட் இல்லை. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சாப்பிட ஒரு மாடி, மேல்தளத்துக்கு இன்னொரு மாடி, படிகள் செங்குத்து. வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை முதலில் வைத்து ஏறு, இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் வை என்று கப்பல் பெண் ஒருத்தி சொல்லிக் கொடுத்தாள். ஊரில் எலும்பு டாக்டர் சொல்லிக் கேட்காதவர் அவள் சொன்னதும் கேட்டார். கேபின் எங்கள் பூஜை அறையைவிடக் கொஞ்சம் பெரிது. கீழ்த்தளத்தில் கப்பலின் நடுவில் கேட்டு வாங்கியிருந்தோம். அங்கேதான் ஆட்டம் குறைவு. அந்தப் பக்கக் கடல் தீவுகளுக்கு நடுவே ஓடுவதால் பெரும்பாலும் ஏரி மாதிரி கிடக்கும். திறந்த கடலை ஒட்டி வரும் இடங்களில் மட்டும் வயிற்றைப் பிசையும். அப்போது படுக்காமல் வெளியே வந்து அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் சரியாகிவிடுகிறது. புறப்படும் முன் டாக்டரிடம் கேட்டு மாத்திரையும் வாங்கி வைத்திருந்தேன், ஒருநாள்தான் தேவைப்பட்டது.

இன்னொன்று, இருட்டவே இருட்டாது. ஜூன் கடைசியில் பகல் பதினெட்டு மணி நேரம். சூரியன் இரவு பத்து மணிக்கு இறங்கி விடியற்காலை நாலுக்கு வந்து நிற்கும். விளக்கு வைக்கிற நேரம் எது என்று தெரியாமல் நான் முழித்தேன். எட்டு மணிக்குப் படுக்கிறவர் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு தூங்கினார்.

நான் சைவம். இரண்டு மாதம் முன்பே எழுதிக் கொடுத்திருந்ததால் பாஸ்தா, கொண்டைக்கடலை, ஏதேதோ இலை தழை என்று தினமும் தனியாகச் செய்து வைத்தார்கள். மூன்றாம் நாள் வெறும் சாதம் கேட்டேன். கொண்டுபோன பருப்புப் பொடியைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டதும்தான் கண்ணே திறந்தது. (அமெரிக்காவில் இறங்கும்போது கொண்டுவந்த சாப்பாட்டுச் சாமானை எல்லாம் சுங்கத்தில் காட்டிவிடுங்கள். காட்டிவிட்டால் சிரித்துக்கொண்டு விடுகிறார்கள், மறைத்தால்தான் தொல்லை.)

ரப்பர் படகில் ஏறுவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கையை நீட்டினால் விரலைப் பிடிக்க மாட்டார்கள். நம் மணிக்கட்டை அவர்கள் பிடிக்க, அவர்கள் மணிக்கட்டை நாம் பிடிக்க வேண்டும். ஈரத்தில் விரல் வழுக்கும், மணிக்கட்டு வழுக்காது. பிறகு ஓரத்து ரப்பர் உருளையில் ஒரு கால், உள்ளே ஒரு கால், உடனே உட்கார், உட்கார்ந்தபடியே நகர். நின்றுகொண்டு திரும்பிப் பார்க்கக் கூடாது. ஒகேனக்கல்லில் பரிசல்காரர் “நடுவுல உக்காருங்கம்மா, எந்திரிக்காதீங்க” என்று அதட்டுவது ஞாபகம் வந்தது. வீட்டுக்காரருக்கும் அதே ஞாபகம் வந்திருக்க வேண்டும், “மீன் வறுவல் கிடைக்குமா கேளு” என்றார்.

மூன்றாம் நாள் கிளேசியர் பே, பனியாறுகள் இறங்கும் ஒரு விரிகுடா, தேசியப் பூங்கா. பூங்காவின் ரேஞ்சர் ஒருவர் கப்பலிலேயே ஏறிக்கொண்டார். அவர் ஒரு வரைபடத்தை விரித்தார். 1794-ல் பிரிட்டிஷ் கடற்படைக் கேப்டன் வான்கூவரின் ஆட்கள் இந்தப் பக்கம் வந்தபோது விரிகுடா என்று ஒன்றே இல்லை, கரையில் சின்னக் குழிவும் அதை அடைத்து நிற்கும் பனிச்சுவரும்தான். 1879-ல் இயற்கை ஆய்வாளர் ஜான் மியூர் வந்தபோது பனி 40 மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. 1916-ல் 65 மைல், அதாவது நூறு கிலோமீட்டருக்கு மேல். நான் பாடத்தில் பனியாறு மெதுவாக நகரும் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டேன். தர்மபுரியிலிருந்து சேலத்தையும் தாண்டிப் போகிற தூரத்துக்கு ஒரு நாட்டையே பனி மூடிக் கிடந்து, நூற்றிருபது வருடத்தில் விலகிப் போயிருக்கிறது.

அதற்கு முன்னால் அது வந்த கதையும் இருக்கிறது. அந்த நிலம் ஹூனா டிளிங்கிட் என்ற பூர்வகுடி மக்களுடையது. 1700-களின் நடுவில் பனி முன்னேறி வந்து அவர்கள் ஊர்களைத் தள்ளிவிட்டது. கடலைத் தாண்டி இப்போதைய ஹூனா ஊருக்குப் போய்க் குடியேறினார்கள். பனி ‘நாய் ஓடுகிற வேகத்தில்’ வந்தது என்று அவர்கள் வாய்வழியாகச் சொல்லி வருகிறார்களாம். ரேஞ்சர் இதைச் சொன்னபோது எனக்கு அந்தக் கடைசி பெஞ்சுப் பையன்தான் கண்ணில் வந்தான். அவன் கேட்டதற்கு இன்னொரு பதிலும் இருந்திருக்கிறது. மேட்டூர் அணையில் தண்ணீர் ஏறி ஊர் முங்கிய கதையைச் சொல்லும் கிழவிகள் எங்கள் பக்கம் என் சின்ன வயதில் இருந்தார்கள். அவர்களும் தண்ணீர் ‘வந்தது’ என்று சொல்ல மாட்டார்கள், ‘தொரத்துச்சு’ என்றுதான் சொல்வார்கள். 2016-ல் பார்ட்லெட் கோவ் கரையில் ஹூனா மக்களுக்கென்று ஒரு மூதாதையர் வீடு கட்டித் திறந்திருக்கிறார்கள். தேவதாரு வாசனை அடிக்கும் பெரிய மர வீடு, சுவர் முழுக்கச் செதுக்கல். செருப்போடு உள்ளே போகலாமா என்று கேட்டேன். போகலாம் என்றார்கள், எனக்குத்தான் மனசு வரவில்லை.

மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றது. தண்ணீருக்கு மேலே தெரியும் சுவர் மட்டும் 75 மீட்டர் அளவு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைவிட உயரம், அகலம் ஒன்றரைக் கிலோமீட்டர். நான் வெள்ளை சாக்பீஸில் வரைந்தது முழுத் தப்பு. அது நீலம். அடுக்கடுக்காய் விழுந்த பனி அழுந்தி அழுந்திக் காற்றெல்லாம் வெளியேறிக் கெட்டியானால், வெளிச்சத்தில் சிவப்பை அது விழுங்கிவிட்டு நீலத்தை விட்டுவிடுகிறது. புதிதாக உடைந்த இடத்தில் சொட்டு நீலம் கரைத்த பக்கெட் மாதிரி அப்படி ஒரு நிறம். ஓரங்களிலும் நடுவிலும் கறுப்புக் கோடு கோடாகக் கல்லும் மண்ணும். அதுதான் நான் அம்புக்குறி போட்ட மொரைன். பக்கத்திலேயே கிராண்ட் பசிபிக் பனியாறு. அது மேலெல்லாம் கல் மூடி ஐஸ் என்றே தெரியவில்லை. வீட்டுக்காரர் பைனாகுலரை இறக்கிவிட்டு, “இது நம்ம கிருஷ்ணகிரி கிரானைட் குவாரி” என்றார். தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் இருந்தது. பனிக்கு அடியில் பாறை அரைபட்டு மாவாகி வருவதால் அப்படி.

முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. சிலர் உள்ளே காப்பி குடிக்கப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. தேர்வறையில் மூன்று மணி நேரம் நின்று பழகிய கால். அப்போது சுவரின் ஒரு மூலையிலிருந்து கோபுரம் மாதிரி ஒன்று சத்தமே இல்லாமல் சரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன், அதற்கப்புறம்தான் இடி கேட்டது. மூன்று நொடி என்றால் ஒரு கிலோமீட்டர். கைக்கு எட்டும் தூரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! டிளிங்கிட் மக்கள் அந்தச் சத்தத்துக்கு ‘வெள்ளை இடி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அலை வந்து கப்பலைத் தூக்கி இறக்கியது. காப்பிக்குப் போனவர்கள் ஓடி வந்து “என்ன ஆச்சு, என்ன ஆச்சு” என்று கேட்டார்கள்.

அப்புறம் ரப்பர் படகில் மிதக்கும் ஐஸ் துண்டுகளுக்கு நடுவே போனோம். எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். ஐஸ் உருகும்போது உள்ளே அடைபட்ட காற்றுக்குமிழிகள் ஒவ்வொன்றாக வெடிக்கின்றன. என்றோ யாரோ பார்க்காத ஒரு குளிர்காலத்தின் காற்று. விரிகுடா முழுக்கச் சன்னமாய் ஒரு சத்தம். போனை எடுத்து நாற்பது விநாடி பதிவு செய்தேன்.

பக்கத்திலிருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நீர்ப்பாதைக்குள் போகவில்லை. மே, ஜூன் இரண்டு மாதமும் எந்தக் கலத்துக்கும் அங்கே அனுமதி கிடையாது, கடல்நாய்கள் ஐஸ் துண்டுகளின் மேல் குட்டி போடும் நேரம். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். பேறுகால வீட்டுக்குள் ஆள் நுழையக் கூடாது என்பதில் முணுமுணுக்க என்ன இருக்கிறது? ஆனால் எந்த மாதம் போகிறோம் என்பதை முன்னமே யோசிக்க வேண்டும். மே, ஜூனில் மழை குறைவு. ஆற்றில் சால்மன் ஏறுவதையும் அதைக் கரடி பிடிப்பதையும் பார்க்க ஜூலை, ஆகஸ்ட் போக வேண்டும். நாங்கள் பார்த்த கரடிகள் கரையோரம் மாடு மாதிரி புல் மேய்ந்துகொண்டிருந்தன. கரடியைக் காட்டிய இளைஞரிடம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி விளையும் காலத்தில் யானைக்கூட்டம் வயலுக்குள் வந்து மேயும், ராத்திரியெல்லாம் பட்டாசும் கையுமாகக் காவல் இருப்பார்கள் என்று பையனை விட்டுச் சொல்லச் சொன்னேன். அன்று முழுவதும் கப்பலில் கரடியை விட்டுவிட்டு யானையைப் பற்றியே பேச்சு.

பாதை அட்டவணையை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. காற்று, ஐஸ், மூடுபனி பார்த்துக் கேப்டன் மாற்றுவார். எங்களுக்குப் போட்டிருந்த ட்ரேசி ஆர்ம் என்ற ஃபியார்டு (செங்குத்து மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த ஒடுங்கிய பள்ளத்தாக்கு) ஐஸ் அதிகம் என்று விடுபட்டது. பையனுக்கு வருத்தம். அடுத்த வருடம், 2025 ஆகஸ்டில், அதே ட்ரேசி ஆர்மின் உள்முனையில் மலை சரிந்து கடலில் விழுந்து பெரிய அலை எழுந்தது. விடியற்காலை என்பதால் கப்பல் எதுவும் அங்கே இல்லை, உயிர்ச்சேதம் இல்லை. மலைச்சரிவுக்கு அணைப்பாக நின்ற பனி பின்வாங்கினால் இப்படி நடக்கும் என்று அப்போது படித்தேன். என் காலத்துப் பாடப்புத்தகத்தில் இது இல்லை.

திமிங்கிலத்துக்கு வருகிறேன், எல்லோரும் கேட்பது அதைத்தான். கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குளிர்காலத்தில் ஹவாய் பக்கம் போய்க் குட்டி போட்டுவிட்டு, ஏறக்குறைய 4,800 கிலோமீட்டர் நீந்தி, கோடையில் இங்கே சாப்பிட வருகின்றன. அங்கே இருக்கும் மாதங்களில் அனேகமாகப் பட்டினி. சாத்தம் நீர்ச்சந்தியில் ஒரு சாயங்காலம் (சாயங்காலம் என்று கடிகாரம் சொன்னது) தண்ணீரில் வட்டமாகக் குமிழிகள் வர ஆரம்பித்தன. யாரோ கீழிருந்து கோலம் போடுகிற மாதிரி ஒவ்வொரு புள்ளியாக வட்டம் மூடிக்கொண்டே வந்தது. கடற்பறவைகள் வட்டத்தின் மேல் கூடிவிட்டன. ஒலிவாங்கியைக் கடலுக்குள் இறக்கியிருந்தார்கள், ஸ்பீக்கரில் நீளமாய் ஓர் ஊளை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றது. மறு விநாடி வட்டத்துக்குள்ளிருந்து ஏழெட்டு வாய்கள் ஒன்றாகப் பிளந்துகொண்டு மேலே வந்தன. குமிழி வலைக்குள் மீனை அடைத்துக் கூட்டாகச் சாப்பிடுகின்றன. ஒன்று மூச்சு விட்டது எங்கள் பக்கம் காற்றில் வந்தது. சந்தையில் கருவாட்டு மூட்டையைப் பிரித்த மாதிரி. இந்த நாற்றத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

சட்டப்படி நூறு கஜத்துக்குள் நாம் கிட்டே போகக் கூடாது. ஆகவே பைனாகுலர் ஆளுக்கொன்று வேண்டும், இரண்டு பேருக்கு ஒன்று என்றால் சண்டைதான். பத்து மடங்கு பெரிதாக்கும் ஒன்றைப் பெருமையாக வாங்கிப் போயிருந்தோம், ஆடுகிற கப்பலில் அதில் ஒன்றும் நிற்கவில்லை. ஏழு, எட்டு மடங்கு போதும்.

ஒரு நாள் இறங்கிய ஊரின் பெயர் கேக். “கேக் சாப்பிடப் போறோம்” என்று வீட்டுக்காரர் காலையிலிருந்து சிரித்துக்கொண்டிருந்தார். ஐநூறு பேர் சொச்சம் வாழும் டிளிங்கிட் ஊர். ஒரு பள்ளி, ஒரு கடை, மழை. பெரிய கப்பல் வருகிற ஊர்களில் வைரக்கடை வரிசையாக இருக்கும். இங்கே ஒரு கூடத்தில் ஊர்ப் பெண்கள் நாலு மேசையில் மணி வேலைப்பாடும் ஜாம் பாட்டிலும் வைத்திருந்தார்கள், காசு நேரே அவர்கள் கைக்குப் போகிறது. போட்டோ எடுக்குமுன் கேட்க வேண்டும், அது நம் ஊரிலும் நியாயம்தான்.

அங்கே ஒரு பாட்டி என் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அவர்களில் எல்லோரும் இரண்டே பிரிவு, அண்டங்காக்கை வகை, கழுகு வகை. பிள்ளை அம்மா வகையைச் சேரும். சொந்த வகைக்குள் கல்யாணம் கிடையாது, எதிர் வகையில்தான் கட்ட வேண்டும். பையன் இதை எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தான். “டேய், பங்காளி, மாமன் மச்சான். இது தெரியாதா எனக்கு?” என்றேன். நமக்கு அப்பா வழி, அவர்களுக்கு அம்மா வழி, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் பையனை வளர்த்துப் பழக்கி ஆளாக்குவது தாய்மாமன் வேலை என்று பாட்டி சொன்னார். நான் தாய்மாமன் சீரைப் பற்றிச் சொன்னேன், காதுகுத்துக்கு மாமன் மடி வேண்டும் என்று. பாட்டி பையனின் காதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். உலகத்துக்குச் சூரியனைக் கொண்டுவந்து விட்டது அண்டங்காக்கைதான் என்பது அவர்கள் கதை. அமாவாசைக்குக் காக்கைக்கு வைத்துவிட்டுத்தான் நாங்கள் சாப்பிடுவோம் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் கதை கேட்டேன், சொல்லவில்லை. சில கதைகள் அந்தந்தக் குலத்துக்குச் சொந்தம், அவர்கள்தான் சொல்லலாமாம். கிளம்பும்போது ‘குனல்சீஷ்’ என்றேன். நன்றி என்று அர்த்தம், கப்பலில் சொல்லிக் கொடுத்தது. என் உச்சரிப்புக்கு அவர் இன்னொரு தரம் சிரித்தார்.

1867-ல் ரஷ்யா அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்றது என்பது பாடத்தில் உண்டு. அங்கே ஏற்கெனவே இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பது பாடத்தில் இல்லை. இரண்டே வருடத்தில், 1869 குளிர்காலத்தில், அமெரிக்கப் போர்க்கப்பல் கேக் பக்கத்து ஊர்களைச் சுட்டு எரித்தது. வீடு, சேர்த்து வைத்த சாப்பாடு, படகு எல்லாம் போயிற்று. நாங்கள் வந்து மூன்று மாதம் கழித்து, 2024 செப்டம்பரில், கடற்படை அந்த ஊருக்கே போய் மன்னிப்புக் கேட்டது. பையன் செய்தியை அனுப்பினான். அந்தப் பாட்டி கூடத்தில் எங்கே உட்கார்ந்திருப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாகப் பீட்டர்ஸ்பர்க். நார்வேக்காரர்கள் வந்து உண்டாக்கிய மீன்பிடி ஊர், ஜன்னல் கதவெல்லாம் பூ வரைந்திருக்கும். அதைத் தாண்டித் தெற்கே போகும் ரேங்கல் குறுக்குவழி சுமார் 35 கிலோமீட்டர், சில இடங்களில் கரையிலிருக்கும் மரத்தைத் தொட்டுவிடலாம் போல அவ்வளவு ஒடுக்கம். பெரிய கப்பல் நுழைய முடியாது, அதனால் ஊர் ஊராகவே இருக்கிறது. அந்த ஊர் அங்கே அமைந்ததற்கு ஒரு காரணத்தை வழிகாட்டி சொன்னார். பக்கத்தில் லெகோன்ட் பனியாறு. அதிலிருந்து உடைந்து மிதந்து வரும் ஐஸை அள்ளி மீனை அடுக்கி அனுப்பினார்களாம். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “நான் அப்பவே சொன்னேனா இல்லையா? ஐஸ் பேக்டரி.” ஐயாயிரம் டாலருக்கு அவர் வாங்கிய சந்தோஷம் அது.

போட்டோ ஆயிரத்துக்கு மேல் எடுத்தோம். திமிங்கிலம் என்று எடுத்ததில் முக்கால்வாசி வெறும் தண்ணீர். ஊருக்கு வந்ததும் பாலக்கோட்டிலிருக்கும் தங்கச்சி போன் செய்தாள். பேசிக்கொண்டே அந்த நாற்பது விநாடிப் பதிவை அவளுக்குப் போட்டுக் காட்டினேன், என்னவென்று சொல்லாமல். கொஞ்ச நேரம் கேட்டாள்.

“என்னக்கா, தாளிச்சிக்கிட்டே பேசுறியா? அடுப்பைச் சின்னதா வை, கடுகு கருகிடப் போகுது” என்றாள்.